ஊர் ஒண்ணாச்சு

நல்லம்பள்ளி
19.11.2023

அன்புத் தோழி பாரதிக்கு,

சோபனா எழுதுவது. நீ, உன் வீட்டுக்காரர், அத்தை, தேவிக்குட்டி எல்லோரும் சுகமா? இங்கே நானும் அப்பாவும் என் முதுகுவலியும் ஒரே வீட்டில் ஒற்றுமையாக இருக்கிறோம்.

முதலில் நல்ல சேதி. ஆய்வேட்டை ஒருவழியாகக் கொடுத்துவிட்டேன். நீ ஒரு பிள்ளையைப் பெற்று அவளை ஆறாம் வகுப்பு வரை கொண்டுவந்த நேரத்தில் நான் ஒரே ஒரு புத்தகத்தைப் பெற்றிருக்கிறேன். கொடுத்து முடித்ததும் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். சேலம் பஸ் ஸ்டாண்டில் நின்று டீ குடித்தபோது தூக்கம்தான் வந்தது. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து ரோடு அடைத்துக் கிடந்ததாம். எனக்கு அதுகூடத் தெரியாது. பஸ்ஸில் அப்படித் தூங்கியிருக்கிறேன்.

"இந்தக் காலத்துல கடிதமா, போன் பண்ணிப் பேசேன்" என்கிறார் அப்பா. உன் போன் உன் கையில் இருந்தால்தானே! உன் வீட்டுக்காரர் தக்காளி மண்டிக்குப் பேசி, தேவி பாடம் பார்த்து, அத்தை சீரியல் பார்த்து முடித்து உன்னிடம் வரும்போது அதில் சார்ஜ் இருக்காது. ஹாஸ்டலில் ஆரம்பித்த பழக்கம், இதுவே நமக்குச் சரி.

ஈச்சங்கொட்டாயைப் பற்றிய இயலைத் தமிழில் சுருக்கி எங்கள் கல்லூரி மலரில் போட்டிருக்கிறார்கள். உனக்கு ஒரு பிரதி இத்துடன். உங்கள் ஊர்ப் பெரியதனக்காரர் மாதுவுக்கும் ஒன்று அனுப்பிவிட்டேன். உன் வீட்டில் தங்கி நான் ஆய்வு செய்த மாதங்களில் ஊர்க் கூட்டத்தில் வழக்குத் தீர்ப்பது எப்படி என்று எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார் மனுஷர்! அந்த இயலுக்கு அவர்தான் நாயகன்.

என்ன எழுதியிருப்பேன் என்று உனக்கே தெரியும். உடம்பில் ஈரலுக்கு ஒரு வேலை, நுரையீரலுக்கு ஒரு வேலை. அதுபோல ஊரில் ஒவ்வொரு வழக்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. பண்டிகை வரிக்கு, கூட்டத்துக்கு, அபராதத்துக்கு, ஒரு வீட்டை ஊர் தள்ளி வைப்பதற்கும்கூட. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குக் கொடுமையாகத் தெரிவது உள்ளே ஊரைக் கலையாமல் பிடித்து வைக்கிறது. எம்.ஏ. வகுப்பில் செயல்பாட்டியம் நடத்தினாலே நீ எழுந்து நின்றுவிடுவாய். "ஊருக்கு நல்லதுங்கறீங்களே சார், ஊர்ல யாருக்கு?" பாவம் சார், பெல் அடிக்காதா என்று பார்ப்பார். இப்போது என்னிடம் சண்டைக்கு வா. காத்திருக்கிறேன்.

உன் நாத்தனார் பானுமதி மறுபடி கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, மாது பேசி அனுப்பிவைத்துவிட்டாரா?

அன்புடன்
உன் சோபனா


ஈச்சங்கொட்டாய்
மாரண்டஹள்ளி வழி
17.12.2023

அன்புள்ள சோபிக்கு,

உன் கடிதமும் மலரும் வந்து ரொம்ப நாளாச்சு. உடனே பதில் போடலைன்னு வருத்தப்படாதே. உட்கார்ந்து எழுத முடியலை.

பானுமதி கோவிச்சுக்கிட்டு வந்தான்னு உனக்கு மறைச்சுத்தான் எழுதினேன், சோபி. கை முறிஞ்சு வந்தா. அவ புருசன் உலக்கையை எடுத்து அடிச்சிருக்கான். அவனும் இதே ஊர்தான், மேல்தெரு, உனக்குத் தெரியும். இது முதல் தடவையும் இல்லை. ஒவ்வொரு தடவையும் கூட்டம் போட்டு அவனுக்கு ஒரு அபராதம், இவளுக்குப் புத்திமதி, சேர்த்து அனுப்பிவெச்சிருவாங்க. இந்தத் தடவையும் மாது, "புருசன் பொண்டாட்டிக்குள்ள நடக்கறதுதான், கூட்டிட்டுப் போப்பா"ன்னுட்டார். இவர் எழுந்து நின்னு, "கட்டுப் பிரிக்கற வரைக்குமாவது எங்க வூட்ல இருக்கட்டுங்க"ன்னு கேட்டார். கூட்டம் ஒத்துக்கலை. மறுநாள் இவர் தங்கச்சியை வண்டியில உட்கார வெச்சு, மகளிர் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் எழுதிக் கொடுத்துட்டார். அவனை ரிமாண்ட் பண்ணிட்டாங்க.

அன்னைக்குச் சாயங்காலமே கூட்டம் கூடி எங்களைத் தள்ளி வெச்சுட்டாங்க. ஊர் விஷயத்தை ஊரைத் தாண்டிக் கொண்டுபோனது குத்தமாம்.

தள்ளி வெக்கறதைப் பத்தி நீ எழுதியிருக்கே. உள்ளே இருந்து அது எப்படி இருக்குன்னு சொல்றேன். யாரும் திட்டலை. கல் எறியலை. கடையில போய் நின்னா இல்லைன்னுகூடச் சொல்றதில்லை, நமக்குப் பின்னாடி நிக்கறவங்களுக்கு நம்ம தோள் மேல கையை நீட்டி எடுத்துக் கொடுக்கறாங்க. பால் ஊத்தப் போனா கேனைத் தொடறதில்லை. கூலிக்கு ஆள் வர்றதில்லை. எங்க அத்தையோட கூடப் பிறந்த தங்கச்சி எதிர்வூடுதானே, அத்தை தெருவுல இறங்கினா அவங்க கதவைச் சாத்திக்கறாங்க. அழுதுக்கிட்டே சாத்தறாங்க.

இந்த நிலைமையிலதான் உன் கட்டுரையை எடுத்துப் படிச்சேன். சண்டைக்கு வரச் சொல்லியிருந்தே. வரலைடி. ஏன்னா நீ எழுதினது உண்மை. ஏரித் தண்ணிக்காக மேல்தெருவும் கீழ்த்தெருவும் வருஷக்கணக்காப் பேசாம இருந்ததை நீயே பார்த்தே. எங்களைத் தள்ளி வெச்ச அன்னைக்கு ரெண்டு தெருவும் ஒரே ஜமக்காளத்துல உட்கார்ந்துச்சு. இந்த வருஷம் மாரியம்மன் பண்டிகையும் சேர்ந்துதான் பண்ணப் போறாங்களாம். ஊர் ஒண்ணாச்சு. நீ சொன்ன வேலை நடந்திருக்கு. எங்களை வெச்சு நடந்திருக்கு, அவ்வளவுதான்.

தேவி கூப்பிடறா. அப்பாவைக் கேட்டதாச் சொல்லு.

பாரதி


நல்லம்பள்ளி
24.12.2023

என் பாரதி,

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் பிரித்துவிட்டேன். அடுத்த வகுப்புக்குப் போக முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"மாது பேசி அனுப்பிவைத்துவிட்டாரா?" என்று கேட்டிருக்கிறேனே, அந்த வரியை எழுதிய கையை என்ன செய்வது! பானுமதிக்குக் கை எப்படி இருக்கிறது? கட்டுப் போட்டது சரியாகக் கூடுகிறதா?

நம் பாடத்திட்டத்தில் செயல்பாட்டியத்துக்கு அடுத்தாற்போல் 'விமர்சனங்கள்' என்று ஒரு பகுதி வரும். வருஷா வருஷம் கடைசி வாரத்தில் அவசரமாக நடத்திவிட்டு, பத்து மார்க் கேள்விக்கு இது போதும் என்று சொல்லி முடிப்பேன். நேற்று அதை மறுபடி படித்தேன். சமநிலை என்கிறீர்களே, அது யாருக்குச் சமநிலை? ஒரு வழக்கம் இருப்பதாலேயே அது தேவை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எல்லோரும் ஒத்துப்போனார்கள் என்கிறீர்களே, ஒத்துப்போகாமல் இருக்க முடிகிறவர்கள் அங்கே யாராவது இருந்தார்களா? எல்லாம் நீ வகுப்பில் கேட்டவைதான். நான் பரீட்சைக்கு மட்டும் எழுதியவை.

கைடிடம் போய் அந்த இயலைத் திருத்த வேண்டும் என்றேன். "கொடுத்தாச்சும்மா. வைவா முடியற வரைக்கும் கையை வெக்காதே" என்றார்.

அதை விடு. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் நடக்கிறது. மனுவை நான் எழுதித் தருகிறேன், நீயும் அவரும் கையெழுத்துப் போட்டால் போதும், கூட நான் வருகிறேன். தெரிந்த நிருபர் ஒருவரும் இருக்கிறார். வருகிற ஞாயிறே கிளம்பி வரட்டுமா? ஒரு வரி எழுது.

உன்
சோபனா


ஈச்சங்கொட்டாய்
28.01.2024

சோபிக்கு,

பொங்கல் போச்சு. எங்க வூட்டுப் பொங்கல் பானையை யாரும் எட்டிப் பார்க்கலை.

மனு வேண்டாம்டி. கோவப்படாம கேளு. அதிகாரிங்க வருவாங்க, சமாதானக் கூட்டம் போடுவாங்க, எல்லாரும் கையெழுத்தும் போடுவாங்க. ஜீப் திரும்பிப் போன பிறகு? கடையைத் திறந்து வெக்கச் சொல்ல சட்டம் இருக்கும். எதிர்வூட்டுல இருந்து "என்ன குழம்பு?"ன்னு கேக்கச் சொல்ல எந்தச் சட்டம் இருக்கு?

தக்காளி பழுத்துக் கொட்டுது. இவர், நான், அத்தை மூணு பேரும்தான் பறிக்கறோம். பானுமதி ஒத்தைக் கையால பொறுக்கறா. வண்டி எதுவும் தக்காளிக் காட்டுக்குள்ள வர்றதில்லை. கிரேடுப் பெட்டியைத் தலையில தூக்கிட்டு மெயின் ரோடு வரைக்கும் நடந்து, அங்க வர்ற வெளியூர் வண்டியை நிறுத்தறோம். கொண்டுபோய்ச் சேர்க்கறதுக்குள்ள பாதி நசுங்கிடுது. வகுப்புல அப்படிக் கத்தினவளா நான்னு நினைச்சுக்கறேன். எனக்கு இப்ப நியாயம்கூட வேண்டாம், சோபி. முதுகை நிமிர்த்திப் படுக்கணும். காலையில எழுந்து வாசல் கூட்டறப்ப யாராவது ஒருத்தர் என்னைப் பார்க்கணும்.

தபால்காரர் மட்டும்தான் எங்க வாசல்ல நின்னு பேர் சொல்லிக் கூப்பிடறார். உன் கடிதத்துக்கு அதுக்காகவும் நன்றி.

உன்னால ஒண்ணு முடியும். மாது உன்மேல மரியாதை வெச்சிருக்கார். வந்து பேசிப் பாரேன். சட்டம், நிருபர்னு எதுவும் எடுக்காம, சும்மா பேசு. ஆனா எங்க வூட்டுக்கு வராதே. எங்க வாசலை மிதிச்சுட்டுப் போனா அங்க உன் பேச்சு எடுபடாது. நேரா அவர் வூட்டுக்குப் போய், நேரா பஸ் ஏறிடு. எழுதறப்பவே எனக்கு எப்படியோ இருக்கு. எங்க வூட்ல சாப்பிடாம நீ இந்த ஊருக்கு வந்து போனதே இல்லை.

பாரதி


நல்லம்பள்ளி
18.02.2024

அன்புள்ள பாரதிக்கு,

போய்விட்டு வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மாது நன்றாக வரவேற்றார். "வாங்க டீச்சரம்மா, எத்தன நாளாச்சு!" சேர் துடைத்துப் போட்டார். அவர் சம்சாரம் காபி கொடுத்தார். மனுஷர் இளைத்திருக்கிறார், பெங்களூரில் இருதயத்துக்கு ஏதோ செய்துகொண்டு வந்தாராம். நான் எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"நீங்க எழுதி அனுப்புனத எம்மருமக படிச்சுக் காட்டுச்சுங்க. எங்கப்பன் காலத்துல இருந்து செய்யறோம், ஒருத்தரும் இப்படி வெளங்கச் சொன்னதில்ல. கூட்டத்துலயே படிக்க வெச்சுட்டேன்."

"எந்தக் கூட்டத்துலங்க?"

"பானுமதி அண்ணன் சென்றாயன் வூட்டத் தள்ளி வெச்சம் பாருங்க, அதுலதான். ரெண்டொருத்தன் இந்தக் காலத்துல இதெல்லாம் செல்லுமான்னு இழுத்தான். காலேஜு மேடமே, இது இல்லாட்டி ஊரு கலஞ்சிரும்னு எழுதியிருக்காங்கன்னேன். அப்பறம் யாரும் வாயத் தொறக்கல."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். ஊர் எப்படி இருக்கிறது என்றுதான் எழுதினேன், இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எழுதவில்லை என்று சொன்னேன். அவர் கேலியே இல்லாமல் கேட்டார், "ரெண்டும் ஒண்ணுதானுங்களே?" வகுப்பில் ஒரு மாணவன் கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

பானுமதியும் இந்த ஊர்தானே, அவள் கைக்கு ஊர் என்ன செய்தது என்று கேட்டேன்.

"நான் தோள்ல தூக்கி வளத்த புள்ளைங்க அது. நெனச்சா எனக்கும் சங்கடந்தான். ஆனா ஒருத்தருக்குப் பாத்து வுட்டுட்டா, நாளைக்குக் கூட்டம்னா எவன் வந்து உக்காருவான்? ஆளாளுக்கு ஸ்டேஷனுக்குப் போயிருவான். அப்பறம் இது ஊரு இல்லீங்க, வெறும் வூடுங்க."

அவர் பொய் சொல்லவில்லை, பாரதி. பயத்தோடுதான் பேசினார். அதனால்தான் எனக்கு அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

அவர் சொன்னது இதுதான். உன் வீட்டுக்காரர் கூட்டத்தின் முன்னால் விழுந்து எழ வேண்டும். அபராதம் உண்டு. கேஸை வாபஸ் வாங்க வேண்டும். பானுமதி புருஷனிடம் போக வேண்டும், போக மாட்டாள் என்றால் அண்ணன் வீட்டிலும் இருக்கக் கூடாது. "இதுக்கு மேல எறங்கி வர என்னால ஆகாதுங்க டீச்சரம்மா."

திரும்பும்போது உன் வீட்டைத் தாண்டித்தான் நடந்தேன். நீ கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். குனிந்துகொண்டே போய்விட்டேன். நீ சொன்னபடிதான் செய்தேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, ஊரில் எல்லோரும் அப்படித்தானே உன் வாசலைக் கடந்து போகிறார்கள்.

சோபனா


ஈச்சங்கொட்டாய்
10.03.2024

சோபிக்கு,

நீ போனதைப் பார்த்தேன். குனிஞ்சது நல்லதுக்குத்தான். நிமிர்ந்து பார்த்திருந்தா கூப்பிட்டிருப்பேன்.

உன் கட்டுரையைக் கூட்டத்துல படிச்சது எனக்கு அப்பவே தெரியும். இவர் அங்கதானே நின்னார். உனக்கு எழுத வேண்டாம்னு விட்டுட்டேன். உன்னை வருத்தப்பட வெச்சு, அப்புறம் உன்னைத் தேத்த எனக்குத் தெம்பு இல்லை.

வூட்ல ஆளுக்கு ஒரு பேச்சு. இவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு ஓசூர்ல கம்பெனி வேலைக்குப் போயிடலாம்ங்கறார். அத்தை, "நான் இங்கதான் சாவேன், என்னைத் தூக்கவாவது ஆள் வேணாமா"ங்கறாங்க. தேவி பிறந்தநாளைக்கு ஸ்கூலுக்கு மிட்டாய்ப் பெட்டி கொண்டுபோனா. பெட்டி பிரிக்காம அப்படியே திரும்பி வந்துச்சு.

ஒண்ணு சொல்றேன், உன்கிட்ட மட்டும். ஒருநாள் பானுமதி அடுப்படியில களி கிண்டிட்டு இருந்தா. பானையைக் காலால அண்டக் கொடுத்து, நல்ல கையால துடுப்பைப் பிடிச்சு, வேர்த்து விறுவிறுத்து. நான் உதவிக்கு எழுந்திரிக்காம அவ முதுகையே பார்த்துட்டு இருந்தேன். 'நீ ஒருத்தி போயிட்டா எல்லாம் சரியாப் போயிடும்'னு நினைச்சேன். தானா வந்துச்சு அந்த நினைப்பு, சோபி. யாரும் சொல்லிக் கொடுக்கலை. ஊர் ஒண்ணாக எங்களைத் தள்ளி வெச்சாங்கன்னு உனக்கு எழுதினேனே, எங்க வூடு ஒண்ணாக நான் அவளைத் தள்ளி வெக்கப் பார்க்கறேன். அவ திரும்பி, "என்னங்க அண்ணி?"ன்னா. "ஒண்ணுமில்ல, தீ ஜாஸ்தியா இருக்கு"ன்னேன்.

அவ தெளிவா இருக்கா. புருசன்கிட்டப் போக மாட்டா. கேஸ் அவ பேர்ல இருக்கு, அதை யாருக்காகவும் வாபஸ் வாங்க மாட்டேங்கறா. "நான் எங்கயாவது போயிடறேங்க அண்ணி, உங்களுக்கு இந்தக் கஷ்டம் வேணாம்"ங்கறா. எங்க போவா?

அவளை உன்கிட்ட அனுப்பட்டுமா? அவளைக் காப்பாத்தறதுக்குன்னு சொன்னா அது பாதிதான் உண்மை. மீதியை மேல எழுதிட்டேன். தெரிஞ்சே பதில் சொல்லு.

பாரதி


நல்லம்பள்ளி
16.06.2024

அன்புள்ள பாரதிக்கு,

பானுமதி வந்து இத்தனை நாளாகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இரண்டு கடிதம் போட்டேன். போனும் எடுப்பதில்லை. உடம்பு சரியில்லையோ என்று அப்பா தினமும் கேட்கிறார். ஒரு கார்டாவது எழுதக் கூடாதா?

அவள் நன்றாக இருக்கிறாள். முதல் வாரம் முழுக்கப் பாத்திரம் தேய்க்கிற சத்தம்கூட வராமல் நடமாடினாள். இப்போது அப்பாவோடு சண்டை போடுகிறாள், சர்க்கரைக்காரருக்குக் காபியில் எதற்குச் சர்க்கரை என்று. தருமபுரியில் வேலைக்குப் போகிற பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையலுக்குச் சேர்ந்திருக்கிறாள். கோர்ட்டு வாய்தாவுக்கு முதல் தடவை நான் கூடப் போனேன். அடுத்த தடவை, "நீங்க காலேஜுக்குப் போங்கக்கா" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய்வந்தாள். கை முழுசாக நீளவில்லை.

எனக்கு வைவா முடிந்தது. புறத் தேர்வாளராக வந்தவர் ஒரு அம்மா. எடுத்த எடுப்பில் கேட்டார்: "கூட்டத்தில் உட்கார்ந்தவர்களிடம் நிறையப் பேசியிருக்கிறீர்கள். கூட்டத்துக்கு முன்னால் நின்றவர்கள் யாரிடமாவது பேசினீர்களா?"

இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லாவற்றையும் சொன்னேன். நான் தங்கிச் சாப்பிட்ட வீட்டையே அந்த ஊர் தள்ளி வைத்தது, அதற்கு என் கட்டுரையையே கூட்டத்தில் படித்தது எல்லாம். இந்த இயல் பெரியதனக்காரரின் இடத்திலிருந்து மட்டும் பார்த்து எழுதியது, இதை வைத்து எனக்குப் பட்டம் கொடுக்க வேண்டுமா என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். கைடு கடிகாரத்தைப் பார்த்தார். பின்வரிசையில் மாணவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்த அம்மா தலையை ஆட்டினார். "மிக முக்கியமான சுயவிமர்சனம். 'ஆய்வின் வரம்புகள்' என்ற தலைப்பில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுங்கள். நான் பரிந்துரைக்கிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்வீட், மிக்சர், காபி. சால்வை போட்டார்கள். நான் டாக்டர் ஆகிவிட்டேன், பாரதி. நீயும் உன் வீடும் பானுமதியின் கையும் அதில் ஒரு பத்தி. கைடு என் தோளைத் தட்டி, "இப்படிப் பேசினதுதாம்மா உனக்கு ப்ளஸ்ஸாப் போச்சு" என்றார்.

இதை இப்படியே விட எனக்கு மனசில்லை. புதிதாக ஒரு கட்டுரை எழுதப் போகிறேன். நின்றவர்களின் பக்கத்திலிருந்து. பெயரையும் ஊரையும் மாற்றிவிடுவேன். நீ சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும், இரண்டு பேர் பெயரிலும் வர வேண்டும். ஒரு ஞாயிறு இங்கே வா. பானுமதியைப் பார்த்த மாதிரியும் இருக்கும். வாசலையே பார்க்கிறாள்.

உன்
சோபனா


ஈச்சங்கொட்டாய்
25.08.2024

அன்புள்ள சோபிக்கு,

உன் மூணு கடிதமும் வந்துச்சு. டாக்டர் ஆனதுக்கு சந்தோஷம்டி. நிஜமாத்தான் சொல்றேன். அத்தைகிட்டச் சொன்னேன், "ஊசி போடுவாளா?"ன்னு கேட்டாங்க.

பானுமதி கிளம்பின அடுத்த வாரம் இவர் கூட்டத்துல விழுந்தார். கேஸ் அவளோடது, அவளே இங்க இல்லை, நான் எப்படி வாபஸ் வாங்கறதுன்னு கேட்டார். அதுக்குத் தனியா ஒரு அபராதம் போட்டு ஒத்துக்கிட்டாங்க. எழுந்தப்ப முட்டியில மண்ணு. தட்டாம அப்படியே நடந்து வூட்டுக்கு வந்து கயித்துக் கட்டில்ல உட்கார்ந்தார். அன்னைக்கு இருந்து அவர் பேச்சு குறைஞ்சுபோச்சு.

ஆனா அவர் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்துல எதிர்வூட்டுக் கதவு திறந்துச்சு. சின்னத்தை ஓடி வந்து அத்தையைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. பின்னாலயே ஒவ்வொருத்தரா வந்துட்டாங்க. ஒருத்தி முருங்கைக்கீரை கொண்டுவந்தா. ஒருத்தி, "என்ன பாரதி இப்படிக் கறுத்துட்ட?"ன்னா. நடுவுல ஒண்ணுமே நடக்காத மாதிரி. எனக்குக் கோவம் வரும், இவங்க முகத்துல துப்பத் தோணும்னு நினைச்சுட்டு இருந்தேன். வரலை. நிம்மதியா இருந்துச்சு. உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை, அப்படி ஒரு நிம்மதி. கீரையை ஆய்ஞ்சுக்கிட்டே பொங்கிப் பொங்கி அழுதேன்.

கூட்டத்துல வேற ரெண்டு வார்த்தையும் வாங்கினாங்க. பானுமதிக்கும் எங்க வூட்டுக்கும் போக்குவரத்து கூடாது. அவளுக்கு இடம் கொடுத்ததால, ஊரைப் பத்தி எழுதின அந்தம்மாவோடயும் பேச்சு கூடாது. உனக்கு நான் எழுதாததுக்கு அதுதான் காரணம். இதுவும் தெரியாமத்தான் எழுதறேன், மாரண்டஹள்ளி போறப்ப பெட்டியில போட்டுடுவேன்.

கட்டுரைக்கு என்னைக் கூப்பிடாதே. நீ எழுது, வேண்டாம்னு சொல்லலை. ஆனா எங்களை நின்னவங்க பக்கம் போடாதே. ஏன்னு சொல்றேன்.

பானுமதியை அன்னைக்கு உன்கிட்டக் கொண்டுவந்து விட்டது கீழ்த்தெரு சின்னராஜ். குட்டியானை வண்டி வெச்சிருக்கானே, அவன். நாங்க கேக்கலை. அவனே வந்து, "தருமபுரிக்கு லோடு போறேங்கண்ணா, தங்கச்சிய முன்னாடி ஏறிக்கச் சொல்லுங்க"ன்னான். காசும் வாங்கலை. ஆடி மாசம் பண்டிகைக் கணக்குப் பேசறப்ப யாரோ அதை எடுத்துட்டாங்க. தள்ளி வெச்சிருந்த வூட்டு ஆளை ஏத்திட்டுப் போனது குத்தமாம். அவன் வூட்டைத் தள்ளி வெச்சுட்டாங்க. ஒவ்வொரு வூட்டு ஆம்பளையும் எழுந்து நின்னு "சம்மதம்"னு சொல்லணும். இவரும் எழுந்து சொல்லிட்டு வந்திருக்கார். வூட்டுக்கு வந்து என்கிட்டச் சொன்னார். சோறு போட்டேன்.

முந்தாநாள் சின்னராஜ் சம்சாரம் எங்க வாசலுக்கு வந்தா. கையில ஒரு டம்ளர். குழந்தைக்குக் காய்ச்சல், பால் எங்கயும் கிடைக்கலைன்னா. எல்லா வூட்டையும் விட்டுட்டு எங்க வூட்டுக்கு வந்திருக்கா. இவங்க கொடுப்பாங்கன்னு வந்திருக்கா. "அக்கா"ன்னு கூப்பிட்டா. நான் உள்ளதான் இருந்தேன். பால் அடுப்புல இருந்துச்சு. மறுபடி "பாரதியக்கா"ன்னா. தேவி பாடப் புத்தகத்தை மூடிட்டு என்னைப் பார்த்தா. எழுந்திரிக்கப் போனா. நான் வாய்மேல விரலை வெச்சு, உட்காருன்னு கையைக் காட்டினேன்.

உட்கார்ந்துட்டா.

பானுமதிக்கு மழை வந்தா அந்தக் கை வலிக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லு. அப்பா உடம்பைப் பார்த்துக்கோ. இதுக்குப் பதில் போடாதே, சோபி. இனிமே போடாதே.

பாரதி